தென்பெண்ணையின் தலைநீர்ப் பகுதி: ஒரு வடிநிலத்தின் நீர் வரவு செலவு

பெங்களூர் நகரின் பழைய கன்டோன்மென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த குடியிருப்பு ரிச்சர்ட்ஸ் டவுன். இங்குள்ள வீடுகளின் குழாய்களில் வருவது காவிரி நீர். அதே வீடுகளின் கூரைகளில் விழும் மழைநீரும், சமையலறை, குளியலறைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் கிழக்கு நோக்கிச் சரிந்து ஓடி, இறுதியில் தென்பெண்ணையாற்றின் வடிநிலத்தைச் சேருகின்றன. ஓர் ஆற்றின் நீர் வீட்டிற்குள் வந்து, மற்றோர் ஆற்றின் நீராக வெளியே செல்கிறது. இந்த எளிய உண்மை, எந்த மாவட்டத்தின் நீர்க் கணக்கிலும் முழுமையாக இடம் பெறுவதில்லை. ஆயினும் கோலார் மாவட்டத்து ஏரிகளும், ஓசூர் வட்டத்து வயல்களும் இன்று பெறும் நீரின் அளவையும் தரத்தையும் பெரிதும் தீர்மானிப்பது இதுவே ஆகும்.

ஒரு நாட்டுப்புற ஆற்றின் நீர்வளத்தை எவ்வாறு அளவிடுவது, அதன் வரவு செலவை எந்த எல்லைக்குள் வைத்துக் கணக்கிடுவது என்பதை இந்த ஆற்றின் தலைநீர்ப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை

ஓரிடத்தில் விழும் மழைநீர் முழுவதும் எந்த ஒரு புள்ளியை நோக்கி வடிகிறதோ, அப்புள்ளிக்கு மேலே உள்ள நிலப்பரப்பே அப்புள்ளியின் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். ஓர் ஏரிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி உண்டு. ஓர் அணைக்கும் உண்டு. பல சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகள் சேர்ந்து ஓர் ஆற்றின் வடிநிலம் ஆகின்றன. இரண்டு வடிநிலங்களைப் பிரிக்கும் மேட்டுக்கோட்டிற்கு நீர்ப்பிரி முகடு என்று பெயர். இம்முகடு வருவாய்த் துறையின் எல்லைக் கற்களைப் பின்பற்றுவதில்லை. நிலத்தின் சரிவு ஒன்றையே பின்பற்றுகிறது.

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இத்தகைய ஒரு முகட்டின் மீதே அமைந்துள்ளது. முகட்டிற்கு மேற்கே விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியே காவிரியை அடைகிறது. கிழக்கே விழும் நீர் ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியே தென்பெண்ணையை அடைகிறது. அல்சூர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் இந்தக் கிழக்குச் சரிவில் உள்ளவை.

நகருக்கு வடக்கே, 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைத்தொடர் பல ஆறுகளின் பிறப்பிடமாகும். தென்பெண்ணை, வடபெண்ணை, அர்க்காவதி ஆகியவை இம்மலைகளைச் சூழ்ந்த பகுதியில் தோன்றி வெவ்வேறு திசைகளில் பிரிகின்றன. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று வழங்கும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகில் தமிழ்நாட்டில் நுழைந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூருக்கு அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வடிநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர். இதில் பெரும் பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. ஆனால் தலைநீர்ப் பகுதி கர்நாடகத்தில் உள்ளது.

மழைநீரின் நான்கு வழிகள்

நிலத்தில் விழும் மழைநீர் நான்கு வழிகளில் பிரிகிறது. ஒரு பகுதி மண்ணிலிருந்தும் பயிர்களின் இலைகளிலிருந்தும் ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணின் ஈரமாகத் தங்குகிறது. பின்னர் இதுவும் பெரும்பாலும் பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. ஒரு பகுதி நிலத்தின் மேலே வழிந்து ஓடைகளையும் ஏரிகளையும் அடைகிறது. எஞ்சிய பகுதி ஆழ ஊடுருவி நிலத்தடி நீராகிறது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் அதன் ஒரு பங்கு ஓடைப் படுகைகளில் ஊறி வெளிவரும். மழையில்லாத மாதங்களில் ஆற்றை உயிருடன் வைத்திருக்கும் இந்த ஊற்று நீரையே நீரியல் அறிஞர்கள் அடியோட்டம் என்பர்.

இதனை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். கோலார் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 750 மில்லிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த மழை விழுந்தால் கிடைக்கும் நீர் 7,50,000 கன மீட்டர். 1997ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் நெறிகளின்படி, களிமண் கலந்த சிதைவுப் பாறை நிலத்தில் மழையின் 8 சதவீதம் நிலத்தடியில் சேருவதாகக் கொள்ளலாம். எனவே அச்சதுர கிலோமீட்டரில் ஆண்டுதோறும் நிலத்தடியில் சேரும் நீர் 60,000 கன மீட்டர். அதாவது நிலப்பரப்பு முழுவதும் 60 மில்லிமீட்டர் உயரம். மேல்வழிந்தோடும் நீரை எடுத்துக்காட்டிற்காக 10 சதவீதம் எனக் கொண்டால் அது 75,000 கன மீட்டர். எஞ்சிய 82 சதவீதம் ஆவியாகவும் பயிர்களின் வழியாகவும் வானத்திற்கே திரும்புகிறது.

இந்த 82 சதவீதத்தை வீணான நீர் என்று கருதிவிடக் கூடாது. மானாவாரியாகப் பயிராகும் கேழ்வரகும் அவரையும் துவரையும் இந்த நீரைக் கொண்டே விளைகின்றன. ஆனால் கிணற்றுப் பாசனத்திற்கு உரியது மேற்கூறிய 60,000 கன மீட்டர் மட்டுமே. ஒரு ஹெக்டேர் நெற்பயிருக்கு 1,200 மில்லிமீட்டர், அதாவது 12,000 கன மீட்டர் நீர் தேவை எனக் கொண்டால், நூறு ஹெக்டேர் நிலத்தில் சேரும் நிலத்தடி நீர் ஐந்து ஹெக்டேர் நெல்லுக்கே போதுமானது. 400 மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச வேண்டிய ஒரு பயிராக இருந்தால் பதினைந்து ஹெக்டேருக்குப் போதும். குடிநீருக்கும் கால்நடைகளுக்கும் உரியதைக் கழித்தால் இதுவும் குறையும். எந்தப் பயிர், எத்தனை ஹெக்டேர் என்ற வினாவே இவ்வட்டாரத்தின் முதன்மையான நீர்வள வினா என்பது இக்கணக்கிலிருந்து புலனாகும்.

பாறையின் சேமிப்புத் திறன்

இப்பகுதியின் அடித்தளம் மிகப் பழமையான நைஸ், கிரானைட் பாறைகளால் ஆனது. இவற்றின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து சரளையாகவும் களியாகவும் மாறியுள்ளது. அதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும். ஆற்றுப் படுகை மணலைப் போன்று பெருமளவு நீரைத் தேக்கி வைக்கும் ஆற்றல் இப்பாறைகளுக்கு இல்லை.

சிதைவுப் பகுதியில் ஒரு கன மீட்டர் கனஅளவிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய நீர், களி மிகுந்த இடத்தில் ஒன்றரை சதவீதம் அளவே ஆகும். ஆகவே 60 மில்லிமீட்டர் நீர் நிலத்தடியில் சேர்ந்தால் கிணற்றின் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் உயரும். ஒரே ஆண்டில் 60 மில்லிமீட்டர் நீரை இறைத்துவிட்டால் அதே 4 மீட்டர் கீழே இறங்கும். மழைக்குப் பின் கிணறு விரைவில் நிரம்புவதைக் கண்டு நீர் மிகுதியாக உள்ளது என்று எண்ணுவதும், கோடையில் விரைவில் வறளுவதைக் கண்டு வியப்பதும் இவ்வியல்பை அறியாமையால் ஏற்படுபவை. சிறிய பாத்திரம் விரைவில் நிரம்பும். விரைவில் காலியும் ஆகும்.

ஏரித்தொடர் என்னும் அமைப்பு

பாறை நீரைத் தேக்காத இடத்தில் மண்கரை எழுப்பித் தேக்க வேண்டும் என்பதை இப்பகுதி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஓடையின் குறுக்கே கரை கட்டி, மதகு வைத்து, மிகை நீர் வெளியேறக் கலங்கல் அமைத்து, ஒவ்வோர் ஏரியின் கலங்கல் நீரும் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி தொடர்களை உருவாக்கினர். மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி, 1866ஆம் ஆண்டில், அந்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்து நீர் ஏரிகளால் தடுத்து நிறுத்தப்படுகிறது என்றும், புதிய ஏரிக்கு இடம் காண்பதே அரிது என்றும் பதிவு செய்தார். பெங்களூரில் அவர் பெயரால் வழங்கும் ஏரி 1882இல் கட்டப்பட்டது.

ஏரியின் பணி பாசனத்துடன் முடிவதில்லை. தேங்கிய நீர் கசிந்து கீழ்நிலத்துக் கிணறுகளை ஊற வைக்கிறது. வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கிறது. வண்டலைப் பிடித்து வைக்கிறது. மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்து நீர் பங்கிடும் பொறுப்பு கோலார் வட்டாரத்தில் நீருகண்டி எனப்படும் ஊர்ப் பணியாளரிடமும், தமிழகத்தில் நீர்க்கட்டி எனப்படுவோரிடமும் இருந்தது. ஏரியின் பொறியியலும் ஊரின் ஒழுங்கும் சேர்ந்தே இந்த அமைப்பை நடத்தின.

வட அமெரிக்காவின் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளிகளில் இதனை ஒத்த ஓர் அமைப்பு இயற்கையாகவே உள்ளது. பனியாறுகள் பின்வாங்கியபோது உண்டான எண்ணற்ற சிறு பள்ளங்கள் அங்கே பனிநீரையும் மழைநீரையும் ஏந்துகின்றன. பள்ளங்கள் நிரம்பாத ஆண்டில் அவற்றின் நீர் ஆற்றை அடைவதே இல்லை. நிரம்பிய ஆண்டில் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து, ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு திடீரென விரிவடைகிறது. விளைநிலத்தைப் பெருக்குவதற்காக இப்பள்ளங்கள் பலவற்றை வடித்த இடங்களில் வெள்ளமும், உரச் சத்துகள் ஆற்றுக்கும் ஏரிக்கும் செல்வதும் மிகுந்தன என்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் முடிவு. நமது ஏரித்தொடர்களுக்கும் இதே விதி பொருந்தும். ஏரி நிரம்பும் வரை ஆறு காத்திருக்கும். ஏரி அழிந்தால் ஆறு காத்திருப்பதில்லை. மழைநாளில் பெருகி, மறுவாரம் வறண்டுவிடும்.

ஆழ்குழாய்க் கிணறும் அடியோட்டத்தின் மறைவும்

திறந்த கிணற்றிலிருந்து ஏற்றத்தாலும் கபிலையாலும் இறைத்த காலத்தில், நீர்மட்டம் கீழே சென்றால் இறைப்பும் தானே குறைந்தது. மின்விசைப் பம்பும் துளைப்பொறியும் இந்தத் தடையை நீக்கின. மல்பெரி, தக்காளி, காய்கறி ஆகியவை பெருகிய கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களில் இன்று ஆழ்குழாய்க் கிணறுகள் 1,000 அடிக்கும் கீழே செல்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் இவ்வட்டாரம் மிகைச் சுரண்டல் பகுதியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதாவது ஆண்டுதோறும் சேரும் நீரைவிட எடுக்கும் நீர் அதிகம். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது உடல்நலப் பிரச்சினையாகவும் வளர்ந்துள்ளது.

நீர்மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே சென்றுவிட்டால் அடியோட்டம் நின்றுவிடும். அதன் பின்னர் ஓடையில் வரும் சிறு வெள்ளத்தையும் படுகையே உறிஞ்சிவிடும். இதற்கு அண்டை வடிநிலமான அர்க்காவதி தெளிவான சான்று. பெங்களூரின் குடிநீருக்காக 1894இல் ஹெசரகட்டா நீர்த்தேக்கமும், 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் அவ்வாற்றில் கட்டப்பட்டன. மழையின் அளவில் அதற்கு ஈடான பெரும் வீழ்ச்சி இல்லாதபோதும், பிற்காலத்தில் இவற்றின் நீர்வரத்து பெரிதும் குறைந்தது. நீர்மட்டத்தின் வீழ்ச்சி, தைலமரத் தோப்புகள், வரத்துக்கால்களின் தடை ஆகியவை இதற்குக் காரணங்களாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டுள்ளன. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

நிலத்தடி நீர் ஒரு கணக்கு, ஆற்று நீர் வேறொரு கணக்கு என்று இரு துறைகள் தனித்தனியே ஏடு வைத்திருக்கும் வரை இந்த உண்மை வெளிப்படாது. ஊற்றாக வெளிவந்த நீர் ஆற்றின் ஏட்டிலும், கிணற்றில் இறைத்த அதே நீர் நிலத்தடி ஏட்டிலும் வரவாகப் பதிவாகிறது. ஒரே பணத்தை இரு கணக்குகளில் வரவு வைப்பதற்கு ஒப்பானது இது.

காவிரியிலிருந்து தென்பெண்ணைக்கு

இனி நகரத்தின் பங்கைக் காண்போம். அர்க்காவதி போதாமற் போகவே, பெங்களூர் காவிரியை நாடியது. 1974இல் முதற்கட்டக் காவிரிக் குடிநீர்த் திட்டம் செயற்படத் தொடங்கியது. தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் நீரை ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான்காம் கட்டத்தின் இரண்டாம் பகுதி 2012இல் முடிந்தபோது நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் திறன் ஏற்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டருக்கு உரியது.

இந்த நீர் முகட்டின் இரு பக்கங்களிலும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில், நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரி வடிநிலத்தில் உள்ளது என்பதைக் கருத்திற்கொண்டு குடிநீர் ஒதுக்கீட்டைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வரம்பை ஏற்காமல், நகரம் முழுவதன் குடிநீர்த் தேவைக்காக 4.75 ஆயிரம் மில்லியன் கன அடியைக் கூடுதலாக வழங்கியது. ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற கிழக்குச் சரிவுக் குடியிருப்புகளின் நிலச்சரிவு, இரு மாநிலங்களுக்கு இடையிலான வழக்கின் ஒரு வினாவாகவே அமைந்தது என்பது மாணவர்கள் கருத வேண்டிய செய்தியாகும்.

நகரக் குடிநீரில் ஐந்தில் ஒரு பங்கே உண்மையில் செலவாகிறது, எஞ்சியது திரும்ப ஓடிவருகிறது என்பது நடுவர் மன்றம் கொண்ட கணக்கு. ஆனால் திரும்ப ஓடிவரும் நீர் எந்த ஆற்றுக்கு வருகிறது? மேற்குச் சரிவில் அது காவிரிக்கே மீளும். கிழக்குச் சரிவில் தென்பெண்ணைக்குச் செல்லும். அடியோட்டத்தை இழந்த தென்பெண்ணையின் மேற்பகுதிக்கு, கோடையில் இன்று ஓட்டமாக அமைவது பெரும்பாலும் இந்தக் கழிவுநீரே. வற்றிய ஆற்றுக்கு இது ஒருவகையில் வரவு. ஆனால் சுத்திகரிக்கப்படாத பகுதியுடன் கலந்து வரும் வரவு. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும், 2015 மே மாதத்திலும் 2018 ஜனவரியிலும் அந்த ஏரிப் பரப்பில் தீப்பிடித்ததும், ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதப்பதும் ஒரே காரணத்தின் வெவ்வேறு விளைவுகளாகும்.

கழிவுநீரைக் கொண்டு ஏரிகளை நிரப்புதல்

இந்நீரைச் சுத்திகரித்து, வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018இல் கோலாரில் தொடங்கியது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீரை 126 ஏரிகளுக்குக் கொண்டு செல்வது இதன் நோக்கம். ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து 21 கோடி லிட்டரைச் சிக்கபள்ளாப்பூர் உள்ளிட்ட பகுதிகளின் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டமும் உடன் வகுக்கப்பட்டது. ஏரிகளின் மதகுகள் திறக்கப்படுவதில்லை. ஏரியிலிருந்து கசிந்து கிணறுகளில் சேரும் நீரையே உழவர் பயன்படுத்த வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை.

இதன் அளவை மதிப்பிடுவோம். இரண்டு திட்டங்களும் முழுத் திறனுடன் இயங்கினால் நாளொன்றுக்கு 65 கோடி லிட்டர். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 23.7 கோடி கன மீட்டர், அதாவது 8.4 ஆயிரம் மில்லியன் கன அடி. தென்பெண்ணையின் பெரிய அணையான சாத்தனூரின் கொள்ளளவு 7.3 ஆயிரம் மில்லியன் கன அடி என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சதுர கிலோமீட்டருக்கு 60,000 கன மீட்டர் என்னும் நமது முந்தைய கணக்கின்படி, ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் மழையால் ஓராண்டில் சேரும் நிலத்தடி நீருக்கு இது இணையாகும். எனினும் முழுதும் கிணறுகளை அடையாது. இப்பகுதியில் ஏரிப் பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர நீர் ஆவியாகிவிடும்.

நிலத்தடி நீர்மட்டம் பல ஊர்களில் உயர்ந்திருப்பதை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கைவிடப்பட்ட கிணறுகளில் மீண்டும் நீர் ஊறியது சிறிய பயன் அன்று. ஆனால் இரண்டு வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது, தரம். இந்நீர் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பிற்கு உட்பட்டதே ஆகும். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்ற கோரிக்கையுடன் வழக்குகள் கர்நாடக உயர் நீதிமன்றத்திற்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றன. பாறை வெடிப்புகளில் சேரும் நீரை மண் வடிகட்டும் அளவு குறைவு. அதே கிணற்று நீரையே ஊர் மக்கள் குடிக்கவும் நேரிடும். எனவே ஏரி நீரையும் கிணற்று நீரையும் தொடர்ந்து சோதித்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் வெளியிடுவது இன்றியமையாததாகும்.

இரண்டாவது வினா, பங்கீடு. கோலார் மாவட்டம் பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை ஆகிய மூன்றின் வடிநிலங்களிலும் பரந்துள்ளது. காவிரியில் எடுத்து, தென்பெண்ணைச் சரிவில் பயன்படுத்திய நீர், இப்போது மூன்றாவது வடிநிலத்தையும் அடைய முடியும். மேலே ஏற்றப்படும் ஒவ்வொரு லிட்டரும் ஆற்றின் வழியே ஓசூரை நோக்கிச் சென்றிருக்கும் நீராகும். கீழ்ப்பகுதி உழவருக்கு மாசு குறைவது நன்மை. ஓட்டம் குறைவது இழப்பு. இவ்விரண்டையும் எடைபோடுவதற்கு இரு மாநிலங்களும் ஏற்கும் ஒரே அளவீடு வேண்டும். தென்பெண்ணை தொடர்பாகத் தமிழ்நாடு அரசு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கு, 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் உடன்பாட்டைச் சுட்டியது. அந்த உடன்பாடு எழுதப்பட்ட காலத்தில் ஆழ்குழாய்க் கிணறும் இல்லை. காவிரிக் குழாயும் இல்லை.

வறட்சியும் வெள்ளமும்

2024ஆம் ஆண்டு இந்த வடிநிலத்தின் இரு முகங்களையும் காட்டியது. மார்ச் மாதத்தில் பெங்களூரில் மாநகர நிர்வாகத்தின் ஏறத்தாழ 14,000 ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகக் கர்நாடக அரசு அறிவித்தது. டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பெரும் சேதம் ஏற்பட்டது. இவ்வேகத்தில் ஒரு நாள் முழுதும் நீர் ஓடினால் 14.5 ஆயிரம் மில்லியன் கன அடி ஆகும். அணையின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு. இத்தகைய மழையை எந்த ஓர் அணையும் தனித்துத் தாங்க இயலாது. கரை உறுதியும் கலங்கல் வசதியும் உள்ள சிற்றேரிகள் மேலே இருந்தால் பாரம் பகிரப்படும். கரை பலவீனமான ஏரிகள் உடைந்தால் பாரம் கூடும். ஆதலால் ஏரிப் பராமரிப்பு கோடைக்கும் மழைக்காலத்திற்கும் பொதுவான பணியாகும்.

கணக்கு வைக்கும் முறை

வடிநில அடிப்படையில் நீர் வரவு செலவு தயாரிக்க விரும்பும் அலுவலருக்கும் மாணவருக்கும் பின்வரும் படிகள் உதவும்.

முதலாவதாக, நிலவரைபடத்தின் சமவுயரக் கோடுகளைக் கொண்டு முகட்டைக் குறித்து எல்லையை வரையறுக்க வேண்டும். ஊராட்சி, வட்டம், மாநிலம் ஆகியவற்றின் எல்லைகளை அதன் பின்னரே அதன் மேல் பொருத்த வேண்டும்.

இரண்டாவதாக, எல்லைக்குள் வரும் எல்லா நீரையும் வரவில் எழுத வேண்டும். மழை, குழாய் மூலம் வேறு வடிநிலத்திலிருந்து வரும் நீர், ஏற்றி அனுப்பப்படும் கழிவுநீர் ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

மூன்றாவதாக, செலவில் பயிர்களின் நீர்த் தேவை, ஏரி ஆவியாதல், குடிநீர், தொழில், வெளியேறும் ஆற்றோட்டம் ஆகியவற்றை எழுத வேண்டும். இறைக்கும் நீரில் எவ்வளவு திரும்ப ஊறுகிறது என்பதைக் கழித்தே செலவைக் கணக்கிட வேண்டும்.

நான்காவதாக, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை, மழைக்கு முன்னும் பின்னும் அளந்த கிணற்று நீர்மட்டத்துடன் ஒப்பிட வேண்டும். நீர்மட்ட வேறுபாட்டை நிலத்தின் நீர்தரும் வீதத்தால் பெருக்கினால் சேமிப்பின் மாற்றம் கிடைக்கும். இரண்டும் பொருந்தவில்லையாயின் ஏதோ ஒரு வரவோ செலவோ விடுபட்டிருக்கிறது என்பது பொருள்.

ஐந்தாவதாக, அளவுடன் தரத்தையும் அதே ஏட்டில் பதிய வேண்டும். பயன்படுத்தத் தகாத நீரை வரவில் சேர்த்துவிட்டு நீர்வளம் பெருகியதாகக் கூற இயலாது.

2019இல் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் ஊராட்சி அளவில் நீர் வரவு செலவு தயாரிக்கும் முறையைக் கர்நாடகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் அறிமுகப்படுத்தியது. ஊர் மக்களே மழைமானியையும் கிணற்று நீர்மட்டத்தையும் படித்துப் பதிவு செய்யும் பழக்கம் இதனால் வளர்ந்தது. ஆனால் அந்த ஏழில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆகவே ஒரே ஆற்றின் மேற்பகுதிக்குத் தயாராகும் ஏடு, ஓசூர் எல்லையில் நின்றுவிடுகிறது. ஊராட்சிகளின் ஏடுகளை நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகத் தொகுத்து, மத்திய நீர் ஆணையம் தென்பெண்ணையில் எடுக்கும் ஓட்ட அளவீடுகளுடன் இணைப்பதே அடுத்த படியாக அமைய வேண்டும்.

நகரத்தின் கடமை

நாட்டுப்புற வடிநிலத்தின் கணக்கில் நகரமும் ஓர் உறுப்பினரே. பெங்களூரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஓர் ஆண்டில் விழும் நீர் 97,000 லிட்டர். அதில் நான்கில் மூன்று பங்கைப் பிடித்தாலும் 72,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கொண்டால், நால்வர் அடங்கிய குடும்பத்தின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 1,97,000 லிட்டர். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் கூரையிலேயே கிடைக்கிறது. பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மழைநீர்ச் சேமிப்பு 2009இல் கட்டாயமாக்கப்பட்டதன் பொருத்தம் இக்கணக்கில் விளங்கும். சேமித்த ஒவ்வொரு லிட்டரும் 500 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டாத காவிரி நீராகும்.

அதைவிட முக்கியமானது, வெளியேறும் நீரின் தூய்மை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டின் கழிவுநீர், மழைநீர் வடிகாலில் கலக்காமல் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைவது, கோலாரில் ஒரு கிணற்றுக்கும் ஓசூரில் ஒரு வயலுக்கும் செய்யும் உதவியாகும். மேல்நிலத்தார் விடுவதையே கீழ்நிலத்தார் பெறுகின்றனர். இம்முறை மாறாதது. அவர்கள் பெறுவது எவ்வளவு, எத்தகையது என்பதை அளந்து, எழுதி, இரு தரப்பாருக்கும் காட்டுவதே தென்பெண்ணை வடிநிலத்தில் நீர்வள நிர்வாகத்தின் முதற்பணியாக அமைதல் வேண்டும்.